பேசாதவர் இசைந்தவர்

சட்டச் சீர்திருத்தத் துறையின் தலைமை இயக்குநருக்கு அலுவலகத்தில் ‘ஆழ்கடல்’ என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டியிருந்தது. எட்டிய அன்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போயிற்று. ஆனால் ஆள் உண்மையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கேட்டவருக்கு மெல்ல வியர்க்க ஆரம்பிக்கும். தன் கேள்வியிலேயே ஏதோ ஓட்டை இருக்கிறது போல என்று நினைத்து, தானே அதை அடைத்துக்கொண்டு, "புரிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்படி எத்தனையோ பேரைத் தெளிவாக்கி அனுப்பியிருக்கிறார் ஆழ்கடல். அந்த நேரத்தில் அவர் தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டால், எதிர்க் கட்டிடத்து மாடியில் காயும் போர்வை காற்றில் எந்தப் பக்கம் விழும் என்பதுதான்.

இந்த ஒரு பழக்கத்தை மூலதனமாக வைத்தே அவர் மேலே வந்துவிட்டார். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் கூட்டங்களில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு ஆங்காங்கே நின்றுபோனார்கள். அவர்கள் பேசியது குறிப்பில் பதிவாகும். பின்னால் ஒரு நாள் அவர்களுக்கே எதிராக வாசிக்கப்படும். இவர் விஷயத்தில் வாசிக்க ஒன்றுமே இருக்காது. லிஃப்ட் போல, சத்தமில்லாமல் ஒவ்வொரு தளமாக ஏறி, கடைசியில் கதவு திறந்தபோது தலைமை இயக்குநரின் அறைக்கு முன்னால் நின்றார். அவருக்கே ஆச்சரியம்தான். ஆனால் அதையும் வெளியில் சொல்லவில்லை.

அவருடைய துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டத்துக்கு வரைவு தயாரானதும் அதை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பி, இந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பதில் வராவிட்டால் அந்தத் துறை இசைந்துவிட்டதாக எழுதிக்கொண்டு மேலே நகர்வார்கள். இந்த வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் ஒரு சட்டமும் பிறந்திருக்காது. கலைக்கப்பட்டு, பெயர்ப் பலகையும் கழற்றப்பட்ட ஒரு துறைகூட ஒருமுறை ஒரு மசோதாவுக்கு இசைந்திருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் ஆழ்கடல். அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டுச் சொத்து மசோதாவில் துறை முட்டிக்கொண்டு நின்றபோது இந்த வழக்கம்தான் கைகொடுத்தது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று பலருக்குப் பொதுவாக வந்த வீடுகளைப் பற்றிய மசோதா அது. எல்லோரும் விற்க ஒத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் பதிலே தர மாட்டார். ஒத்துக்கொள்ளவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். வீடு பூட்டியே கிடந்து, சுவரில் செடி முளைத்து, கூரை உள்ளே விழும். அப்படிப்பட்ட வீடுகளின் படங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. பதில் தராத அந்த ஒருவரை என்ன செய்வது என்று துறையே மண்டையை உடைத்துக்கொண்டது.

ஒரு நாள் கூட்டத்தின் முடிவில், நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆழ்கடல், துண்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதித் தள்ளினார்: உரிய முறையில் அறிவிப்புப் பெற்றும் குறித்த காலத்துக்குள் பதில் தராத பங்குதாரர் விற்பனைக்கு இசைந்தவராகக் கருதப்படுவார்.

அறையே எழுந்து நிற்காத குறை. துணை இயக்குநர் மேசையைத் தட்டினார். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர் என்பதால் அந்தப் பெண்மணிக்கு ‘வானொலி’ என்று பெயர். "சார், கல்லு மாதிரி நிக்குது சார்! எந்தக் கோர்ட்டும் இத அசைக்க முடியாது!" என்றார். ஆழ்கடல் லேசாகத் தலையசைத்தார். பிறகு கழிவறைக்குப் போய், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணாடியைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். அந்த வரி பதினெட்டாம் பிரிவாக மசோதாவில் ஏறியது. செய்தித்தாளில் வந்தது. சட்ட ஆணையத்தின் அடுத்த தலைவர் இவர்தான் என்று நடைக்கூடங்களில் பேச்சு அடிபட்டது. அமைச்சரவைக் குழுவில் ஒருமுறை தலையாட்டிவிட்டால் போதும், மசோதா அவைக்குப் போய்விடும்.

அந்த வாரத்தில்தான் தம்பி தொலைபேசியில் அழைத்தான். ஆழ்கடல் அலுவலக மேசையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உன் மசோதா பத்தி பேப்பர்ல படிச்சேன். பிரமாதம்."

தம்பி இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். குழாய், ஆணி, பூட்டு தவிர வேறெதையும் அவன் பிரமாதம் என்று சொல்லி இவர் கேட்டதில்லை.

"என்ன படிச்ச?"

"பதில் சொல்லலேன்னா ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கலாம். அவ்வளவுதானே? இதத்தானே நான் இத்தன காலமா தொண்டை கிழியக் கத்துறேன்! நீ ஒரே வரில முடிச்சிட்டியே."

ஆழ்கடல் சாப்பாட்டு டப்பாவை மூடினார். அம்மாவின் வீடு அக்காவையும் சேர்த்து மூவருக்கும் பொதுவில் கிடந்தது. பழைய குடியிருப்பில் மேல்தளத்து வீடு. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அக்கா அதிலேயே இருந்துவிட்டாள். வீட்டை விற்றுவிடலாமா என்று தம்பி மூவருக்குமான வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி கேட்பான். அக்கா பதில் போட மாட்டாள். ஆழ்கடல் "யோசிக்கலாம்" என்று அடிப்பார். அனுப்பலாமா என்று யோசிப்பார். அழித்துவிடுவார். விற்கலாம் என்றால் அக்கா வருத்தப்படுவாள். வேண்டாம் என்றால் தம்பி சண்டைக்கு வருவான். ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லவர். இதுதான் அவருடைய குடும்பக் கொள்கை.

"வாங்க ஆள் கிடைச்சிருக்கு. நல்ல ஜோடி" என்றான் தம்பி. "வந்து சமையலறைச் சுவர அளந்துட்டுப் போயிட்டாங்க. அவங்க ஃபிரிட்ஜ் பெருசாம்."

"அக்கா வீட்ல இருந்தாளா?"

"இருந்தா. டேப்போட இன்னொரு முனைய அவதான் பிடிச்சுக்கிட்டு நின்னா."

"என்ன சொன்னா?"

"அவ என்னிக்கு என்ன சொல்லியிருக்கா? நம்ம மூணு பேர்ல வாய் எனக்கு மட்டும்தான் வெச்சு அனுப்பியிருக்காங்க. நீ பேசல, சரி, உனக்கு ஓகேன்னு எடுத்துக்கிட்டேன். அக்காவும் பேசல. அவள உன் சட்டம் பாத்துக்கும். மசோதா எப்போ பாஸாகும்? அத மட்டும் சொல்லு, அந்த ஜோடிகிட்ட அதுக்கேத்த மாதிரி தேதி சொல்லிடறேன்."

ஆழ்கடல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் இருந்தது. எதிர்மாடியில் அன்று போர்வைகூட இல்லை.

"அண்ணா? இருக்கியா?... சரி, மீட்டிங்ல இருக்க போல. நான் பாத்துக்கறேன்."

தொடர்பு அறுந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அக்காவை வீட்டை விட்டு அனுப்பச் சம்மதித்தாகிவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் தன் கையால் எழுதிய சட்டத்தின்படி, முறையாக.

மாலையில் மனைவியிடம் சொன்னார். மனைவி மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"சிரிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"என்னங்க, நாள் முழுக்க மயங்கிக் கிடக்கறவங்களப் பாத்துட்டு வீட்டுக்கு வரேன். இங்க ஒருத்தர் மருந்தே இல்லாம அதே நிலையில இருக்கார். அத வேற ஊருக்கே சட்டமாக்கியிருக்கார். சிரிக்காம?"

"அது நிர்வாக வசதிக்கான பிரிவு."

"எங்க இடத்துல பேசாம படுத்திருக்கறவர் ஒத்துக்கிட்டார்னு சொல்லி வயித்தக் கிழிச்சா என்ன நடக்கும்னு தெரியுமா? ஜெயில். பேச முடியாதவருக்குப் பதிலா அவரோட ஆளுங்களத் தேடிப் போய்க் கேப்போம். ராத்திரின்னு பாக்காம எழுப்பிக் கேப்போம்."

மனைவி செருப்பைக் கழற்றியபடி, "அக்காகிட்டப் பேசினீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. அவள் அதை இல்லை என்று சரியாக எடுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருத்திதான் அவருடைய மௌனங்களைப் பிழையில்லாமல் வாசிப்பவள்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். மறுநாள் ஆழ்கடல் காரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, அவளுடைய தடத்தில் போய் நின்று, அவள் ஓட்டி வந்த பேருந்தில் ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதில் வரைவு போட்டு வைத்திருந்தார். வாயைத் திறக்கப் போனபோது கண்ணெதிரே பலகை: ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்.’ இருக்கிற சட்டங்களையெல்லாம் மதிப்பவர் ஆயிற்றே. அதுவும் தனக்கு வசதியான சட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். கடைசி நிறுத்தம்வரை வாயே திறக்கவில்லை. அக்கா மேல் கண்ணாடியில் அவரை இரண்டொரு தடவை பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பயணிகள் எல்லாம் இறங்கிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னடா, கார் ரிப்பேரா?"

"இல்லக்கா. உன்னப் பாக்கலாம்னுதான்."

"பாத்துட்டியா?"

"ம்."

அவள் இருக்கைக்கு அடியிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து மூடியில் தேநீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். தனக்கு ஃபிளாஸ்கோடே குடித்தாள். காலிப் பேருந்துக்குள் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் அது சாதாரணம். தம்பி இருந்திருந்தால் அதற்குள் அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும்.

"அந்த டேப்ப நீ ஏன்க்கா பிடிச்ச?"

"அந்தப் பொண்ணு மாசமா இருந்தா. வயித்தத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு அளந்தா. வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"நீ ஒத்துக்கிட்டேன்னு தம்பி நினைச்சிக்கிட்டிருக்கான்."

"அவன் நினைப்பான். நீ?"

ஆழ்கடல் தேநீரைப் பார்த்தார்.

"குரூப்ல அவன் கேக்கறப்பல்லாம் நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் அக்கா. "சட்டம் படிச்சவன், பெரிய பதவி, பொறுமையா சொல்லுவான்னு. டைப் அடிக்கிறார், டைப் அடிக்கிறார்னு போன்ல காட்டும். அப்புறம் ஒண்ணும் வராது."

"நீயும் ஒண்ணும் சொல்லலியேக்கா."

"நான் சொல்லலேன்னா வேணாம்னு அர்த்தம். அதுகூடவா தெரியாது? சின்னதுல என் சைக்கிளக் கேப்ப. நான் பேசாம நிப்பேன். எடுத்துக்கிட்டுப் போயிருவியா நீ?"

"மாட்டேன்."

"ஏன்?"

"அடி விழும்."

"அவ்வளவுதான். இதுக்கு எதுக்குடா வாயத் தொறக்கணும்?"

எங்கே போவாய் என்று கேட்டார். ஊர் எல்லையில்தான் வாடகைக்கு வீடு கிடைக்கும் என்றாள். அம்மாவின் வீட்டிலிருந்து டிப்போ தெருமுனையில். விடிவதற்கு முன்னால் முதல் பேருந்தை எடுப்பது அவள். "முதல் பஸ்ஸ ஓட்டுறவ டிப்போவுக்கு எந்த பஸ்ல வருவா, நீயே சொல்லு?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வார் என்று உண்மையிலேயே காத்திருந்தாள். தலைமை இயக்குநர் பேருந்தின் ஜன்னலைப் பார்த்தார்.

"இதோ, ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அக்கா. "கப்பக் குடு. நேரமாச்சு."

திரும்பி வரும் வழியில் அவர் தன் வாழ்க்கைப் பணியைத் தானே பரிசீலனை செய்தார். அக்காவின் மௌனம் ஒரு மறுப்பு. கதவில் சாத்திய தாழ்ப்பாள் மாதிரி. தன் மௌனமோ வெறும் நழுவல். பதினெட்டாம் பிரிவு இரண்டையும் ஒரே தராசில் போட்டு, இரண்டுக்கும் ஆமாம் என்று ஒரே முத்திரை குத்தும். ஒரு வீட்டுக்குள் இருக்கும் இரண்டு மௌனங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆள், ஊரில் இருக்கிற மௌனங்களுக்கெல்லாம் சேர்த்துப் பொருள் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கழிவறைக் கண்ணாடியில் சிரிப்பு வேறு.

குழுக் கூட்டத்தன்று லிஃப்டில் வானொலியிடம் சொன்னார்: "பதினெட்ட மாத்தணும்."

அந்தப் பெண்மணி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுத் தளம் கடக்கும்வரை பேசவில்லை. பிறகு சேர்த்து வைத்துப் பேசினார்.

"என்ன சார் விளையாடுறீங்களா? இவ்வளவு நாள் வாயே தொறக்காம இருந்துட்டு இப்போ லிஃப்டுக்குள்ள சொல்றீங்க! அந்த இடிஞ்ச வீடுங்களப் பாத்தீங்க இல்ல? ஒருத்தர் பதில் சொல்லலேன்னு நாலு குடும்பம் தெருவுல நிக்கிறதப் பாத்தீங்க இல்ல? நான் போய் போட்டோ எடுத்தேன் சார், கூரை என் தலைல விழுந்திருக்கும்!"

"தெரியும்மா. அதுவும் உண்மைதான்."

"அப்போ?"

கதவு திறந்துவிட்டது.

குழுவின் தலைவியான அமைச்சர் பேசிப் பேசியே அந்த நாற்காலிக்கு வந்தவர். மேடையில் அவர் எதிரிகளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கொடுத்ததில்லை என்பார்கள். பேசாதவர்கள் மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு; அவர்களோடு போட்டி இல்லையே. ஒவ்வொரு பிரிவாகப் புரட்டி வந்து பதினெட்டில் நிறுத்தினார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு. ஆட்சேபணை யாருக்காவது?"

யாரும் பேசவில்லை.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கலாம்."

ஆழ்கடல் தனக்கு முன்னால் இருந்த ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினார். இத்தனை வருடத்தில் அதை அவர் தொட்டதே இல்லை. எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தியதில் அது கீச்சென்று அலறி, அறையில் உள்ள அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆட்சேபணை தெரிவிக்க அவர் நினைத்திருந்த முறை அது இல்லை. ஆனால் எல்லோருடைய கவனமும் கிடைத்துவிட்டது.

"மேடம், இந்தப் பிரிவுல எனக்குச் சொந்த நலன் இருக்கு. எங்க அம்மா வீடு மூணு பேருக்குப் பொது. அதுல குடியிருக்கற எங்க அக்கா இந்தப் பிரிவால வெளியேற வேண்டி வரும்."

பக்கத்தில் இருந்த செயலாளர் விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அப்படின்னா நீங்க இதப் பத்திப் பேசக்கூடாது சார். சொந்த நலன் இருக்கறவங்க முடிவாகற வரைக்கும் வெளியில இருக்கணும்."

சரிதான். அந்த விதியை எழுதிய குழுவில் இவரும் இருந்தார். அப்போதும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பேசாமலிருக்க அனுமதி இருந்தது. பேச வேண்டும் என்று தோன்றிய ஒரே நாளில் சட்டப்படி வாயை மூடச் சொல்கிறார்கள். எழுந்தார். கதவுவரை போனார். கைப்பிடியில் கை வைத்தபோது, இப்படியே வெளியே போய்விட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்று பட்டது. முறைப்படி நடந்துகொண்டார் என்ற பெயர்கூடக் கிடைக்கும். அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைப் பார்த்துத்தான் அவருக்குத் தன்மேலேயே பயம் வந்தது. திரும்பினார்.

"மேடம், இயக்குநரா வெளில போயிடறேன். பாதிக்கப்படற ஆளா உள்ள வரலாமா?"

யாரோ சிரித்தார்கள். அமைச்சருக்கும் சிரிப்பு வந்தது.

"மக்கள்கிட்ட கருத்துக் கேட்டீங்களே, அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே?"

"கேட்டோம் மேடம். பதில் சொல்ற பழக்கம் உள்ளவங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஆனா இந்தப் பிரிவு பதில் சொல்லாதவங்களப் பத்தினது. அவங்க ஒருத்தரும் வரல. அவங்க வராதத, ‘எதிர்ப்பு எதுவும் இல்லை’ன்னு குறிப்புல எழுதினது நான்தான்."

சிரிப்பு நின்றுபோயிற்று. அமைச்சர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் உதட்டைப் பிதுக்கி, விதியில் அதற்குத் தடை இல்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினார். சுவரோரம் தள்ளியிருந்த நாற்காலியை அமைச்சர் காட்டினார். ஆழ்கடல் அங்கே போய் உட்கார்ந்தார். அங்கே ஒலிவாங்கி இல்லாதது எல்லோருக்கும் நல்லதாயிற்று.

சொன்னார். ஒழுங்காகச் சொல்லவில்லை, வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. தம்பி கேட்டதை, தான் அடித்து அழித்ததை, அக்கா டேப் பிடித்ததைச் சொன்னார். வீட்டில் இரண்டு பேர் பேசவில்லை. ஒருத்தி வேண்டாம் என்பதால் பேசவில்லை, இன்னொருவர் யாரிடமும் கெட்ட பேர் வாங்கக்கூடாது என்பதால் பேசவில்லை என்றார்.

"நீங்க யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க" என்று அமைச்சர் கை தூக்கிவிடப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க மேடம். நான் யோசிக்கல."

"பின்ன?"

"சும்மா ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வானொலி குனிந்து நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பூட்டிக் கிடக்கற வீட்டுக்கு இந்தப் பிரிவு சரி மேடம். ஆனா உள்ள ஒருத்தர் குடியிருந்தா, அவங்க பேசாம இருக்கறதே ஒரு பதில். சந்தேகமா இருந்தா யாராவது போய், கதவத் தட்டி, நேர்ல கேக்கணும். அவ்வளவுதான்." அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாததால் எழுந்து, செயலாளருக்குத் தலையசைத்துவிட்டு, நடைக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நடைக்கூடத்தில் ஜன்னலே இல்லை. சுவரில் தீயணைப்புக் கருவியின் செய்முறை விளக்கம் இருந்தது. அதை மனப்பாடம் ஆகும்வரை படித்தார். கதவுக்குப் பின்னால் வானொலியின் குரல் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. இடிந்த வீடுகளைப் பற்றிச் சொல்கிறாரா, குடியிருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறாரா? அக்காவின் வீடு இப்போது அந்தக் குரலை நம்பித்தான் இருந்தது.

கதவு திறந்தது. வானொலி கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"குடியிருக்கறவங்க பேசலேன்னா அது சம்மதம் இல்ல. நேர்ல போய்க் கேக்கணும். மத்தவங்களுக்குப் பழைய பிரிவேதான். கல்லு மாதிரி இருந்தத ரெண்டா உடைச்சிட்டீங்க சார்."

"நீ என்னம்மா சொன்ன உள்ள?"

"எனக்கு உங்க மேல கோவம்னு சொன்னேன். அப்புறம், நான் எடுத்த போட்டோல ஒண்ணுலகூட உள்ள ஆள் இல்லன்னும் சொன்னேன். அது உண்மை. அதனால சொன்னேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "மசோதா இனிமே என்கிட்ட. உங்கள இதுலருந்து எடுத்துட்டாங்க. ஆணையத் தலைவர் பதவிக்கும்... மேடம் என்ன சொன்னாங்கன்னா, ஆழமான ஆள்னு கேள்விப்பட்டோம், பரவாயில்ல, வேற யாரையாவது பாக்கலாம்னு."

ஆழ்கடலுக்குச் சுருக்கென்றது. அது பொய் என்று தெரிந்து வைத்திருந்த பெயர்தான். ஆனாலும் பறிபோகும்போது வலிக்கத்தான் செய்கிறது. அப்புறம் அவரை அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

"இன்னொண்ணு சார். அவைக்குப் போற வரைக்கும் இது வெளில போகக்கூடாது. உங்க தம்பிகிட்டகூடச் சொல்லக்கூடாது. தெரியும்ல?"

தெரியும். தெரிந்ததால்தான் அன்று மாலை அக்காவின் வீட்டுக்கு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். சட்டம் மாறிவிட்டது, என்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று தம்பியிடம் கைவிரித்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கடைசி வழியும் அடைபட்டுவிட்டது. நாளைக்கே அந்த ஜோடியிடம் தேதி சொல்லிவிடுவான்.

அக்கா கதவைத் திறந்தாள். சீருடைச் சட்டையைத் துவைத்து நாற்காலியின் முதுகில் போட்டிருந்தாள். சமையலறைச் சுவரில், ஃபிரிட்ஜின் அகலத்துக்கு, பென்சிலால் இரண்டு சின்னக் கோடுகள். ஆழ்கடல் அவற்றைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியை எடுத்து, அவளும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணா! நீயா கூப்பிடற? என்ன, மசோதா பாஸாயிடுச்சா?"

"மசோதாவ விடு. அதப் பத்தி நான் பேச முடியாது." அக்காவைப் பார்த்தார். "வீட்ட விக்கறதுக்கு நான் ஒத்துக்கல."

மறுமுனையில் தம்பி, அவன் வாழ்க்கையிலேயே அபூர்வமாக, பேச்சிழந்து நின்றான். அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"ஒத்துக்கலியா? இத்தன நாளா வாயில என்ன வெச்சிருந்த? அந்த ஜோடிகிட்ட நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"தப்பு என்னோடது. நான்தான் அப்பவே சொல்லியிருக்கணும். அவங்ககிட்ட நானே பேசறேன்."

"நீ பேசி! கிழிஞ்சுது. நீ ஜன்னலப் பாத்துக்கிட்டு நிப்ப, அவங்க வீட்டுக்குள்ள சாமானோட வந்துருவாங்க!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆழ்கடலுக்கும் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. அவர் குரலை உயர்த்தினார். தம்பி அதைவிட உயர்த்தினான். பேசவே தெரியாத ஒருவரும் பேச்சை நிறுத்தவே தெரியாத ஒருவரும் போடும் சண்டை கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒருவர் வார்த்தையைத் தேடி முடிப்பதற்குள் இன்னொருவர் அதற்குப் பதிலையும் சொல்லிவிடுவார். ஆனாலும் விடவில்லை. அக்கா போகமாட்டா என்றார். இது அவ வீடு என்றார். சொன்னதையே திரும்பவும் சொன்னார்.

"அக்கா, நீ இருக்கியா அங்க?" என்றான் தம்பி கடைசியில். "உன் வாயால சொல்லு. போறியா, இருக்கியா?"

அக்கா ஆழ்கடலைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியிடம் குனிந்து, "இருக்கேன்டா" என்றாள்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் ஊரெல்லாம் ஆள் தேடப்போறேன்?" தம்பியின் குரல் உடைந்து தாழ்ந்தது. "மாடி ஒழுகினா யாரு ஓடி வந்தா? மோட்டார் எரிஞ்சப்போ யாரு வந்தா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல மாசா மாசம் யாரு போய் அந்தத் தலைவர் கிழவர்கிட்ட திட்டு வாங்கினா? நான். உங்களக் கேட்டா ஒருத்தர் பஸ்ல இருப்பீங்க, ஒருத்தர் சட்டத்துல இருப்பீங்க. விக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? எனக்கு முடியல, அவ்வளவுதான். சரி, விக்கல. அப்போ இனிமே அந்தக் கூட்டத்துக்கெல்லாம் யார் போவாங்க?"

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஆழ்கடலின் கை தன்னிச்சையாக மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

"நான் போறேன்" என்றார்.

"போய்?"

"பேசறேன்."

"அந்தக் கிழவர் முன்னாடியா? அவர் நீதிபதியா இருந்து ரிட்டையர் ஆனவர் அண்ணா. உன்ன உரிச்சுருவார்."

"உரிக்கட்டும்" என்றார் ஆழ்கடல். அக்கா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவரிடம் போய், அந்த இரண்டு பென்சில் கோடுகளையும் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.